நான் தரை போட்ட பள்ளிக்கூடம்

அஜிதா மோட்டார் மெக்கானிக் படிக்கப் போகிறேன் என்று சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. என் மனைவி வடிவம்மாள் மீன் சட்டியை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கேட்டியளா உங்க மக பேச்ச? நர்சுக்குப் படிக்கப் போடலாம்னு நான் லைன் வீடு முழுக்கச் சொல்லி வச்சிருக்கேன். இவ ஸ்பானர் பிடிக்கப் போறாளாம்."

"எனக்கு ரத்தம் கண்டா தல சுத்தும்மா" என்றாள் அஜிதா. "கிரீசு கண்டா சுத்தாது."

எனக்கு இது புதிய செய்தி இல்லை. நாங்கள் வேலைக்கு வந்து தங்கியிருக்கும் மலையாள ஊரில், கரமனைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்கூட்டர் ஒர்க்‌ஷாப் உண்டு. பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழி. இரண்டு வருஷமாக அவள் அங்கே அரைமணி நேரம் நின்றுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள். ஒர்க்‌ஷாப்காரர் முதலில் விரட்டினார். பிறகு டார்ச் பிடிக்கச் சொன்னார். கடைசியில் கார்புரேட்டரைக் கழுவக் கொடுத்தார். ஒருநாள் என்னைப் பாலத்தில் வழிமறித்து, "உங்க மோளுக்கு நல்ல கை கேட்டோ. ரோட்டில நின்னு பார்த்தா போராது, எங்கயாவது முறையாப் படிக்க வையுங்க" என்று சொல்லியிருந்தார்.

அந்த 'எங்கயாவது' எது என்பதில்தான் எனக்கும் என் மகளுக்கும் ஒத்துப்போகவில்லை.

அவள் யாரையும் கேட்காமல் சர்க்கார் ஐ.டி.ஐ.க்கு விண்ணப்பம் வாங்கி, பூர்த்தி செய்து, தபாலிலும் போட்டுவிட்டாள். மோட்டார் வாகன மெக்கானிக், இரண்டு வருஷப் படிப்பு. ஜூன் மாதம் மழை பிடித்தால் எங்களுக்குக் கான்கிரீட் வேலை கிடையாது. அப்படிச் சும்மா இருந்த ஒரு நாளில் நான் தனியாகப் போய் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்தேன்.

எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் நான் முதலில் பார்ப்பது தரையைத்தான். இருபத்திரண்டு வருஷம் கான்கிரீட் சட்டி சுமந்தவனுக்கு வேறு எதைப் பார்க்கத் தெரியும்? அந்தத் தரையைப் பார்த்ததும் எனக்கு மனசு விட்டுப்போயிற்று. எண்ணெய் குடித்துக் குடித்துக் கறுத்துப்போயிருந்தது. பல இடத்தில் மேல்பூச்சு பெயர்ந்து ஜல்லி பல்லைக் காட்டியது. அதன்மேல் இருபது முப்பது பையன்கள். ஒரு என்ஜினைச் சங்கிலி போட்டுத் தூக்குகிறான் ஒருவன், வலது பக்கம் தள்ளு என்று கத்துகிறான் இன்னொருவன், முகத்தில் கரியோடு சும்மா சிரித்துக்கொண்டு நிற்கிறான் மற்றொருவன். பெண் பிள்ளை என்று ஒன்றைக்கூடக் காணவில்லை. வாட்ச்மேனிடம் விசாரித்தேன். "மோட்டாருக்குப் பெண் குட்டிகளா? வரக்கூடாதுன்னு இல்ல. வந்து நான் பார்த்தில்ல" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸிலேயே எனக்குப் பணிக்கர் சார் ஞாபகம் வந்துவிட்டது.

பாஸ்கர பணிக்கர் மஸ்கட்டில் பதினெட்டு வருஷம் இருந்து திரும்பி வந்தவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால், தொண்ணூற்றேழில், பாப்பனங்கோடு தாண்டி மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, 'வைசாகம் மோட்டார் டிரெயினிங் சென்டர்' என்று ஒரு பள்ளிக்கூடம் கட்டினார். அதற்குக் கான்கிரீட் போட்டது எங்கள் கூட்டம். முதல் சட்டியும் நான்தான், கடைசிச் சட்டியும் நான்தான்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மேல்தளம் வார்க்கிற அன்றைக்கு வேலை முடிந்ததும், கட்டடத்துக்காரர் எல்லாருக்கும் சாப்பாடு போட வேண்டும். அந்தச் சாப்பாட்டை வைத்துத்தான் நாங்கள் ஆளை எடை போடுவோம். ஆளுக்கு மூன்று பொரோட்டா என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போகிறவரும் உண்டு. நாளைக்குத் தருகிறேன் என்கிறவரும் உண்டு. பணிக்கர் சார் நாற்பது பேருக்கும் இலை போட்டார். பருப்பு, சாம்பார், அவியல், இரண்டு பாயசம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே விளம்பினார். அடைப் பாயசம் இன்னும் கொஞ்சம் விடட்டுமா என்று சிமெண்டில் வெடித்த என் கையைப் பிடித்துக் கேட்டார். இந்த மனுஷன் ஒருத்தரையும் ஏமாற்ற மாட்டான் என்று நான் அந்த இலையில் வைத்தே முடிவு செய்துவிட்டேன்.

அதைவிடப் பெரிய சாட்சி தரை. பட்டறைக்கு ஆறு அங்குலக் கனம் போடச் சொன்னார். லாரி ஏறினாலும் கீறக்கூடாது என்றார். மணலைக் கழுவ வைத்தார். சிமெண்டில் அரை மூட்டை மிச்சம் பிடிக்கலாம் என்று மேஸ்திரி காதோடு காதாகச் சொன்னதற்குக் குடையை ஓங்கினார். சிமெண்ட் இறுகுகிற பதினான்கு நாளும் வரப்புக் கட்டித் தண்ணீர் நிறுத்தியது அவரேதான், குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு. நான் போட்ட தரைகளிலேயே அதுதான் தரை. பெண்களுக்கென்று தனியாக ஒரு கழிப்பறையும் கட்டினோம், வெள்ளை ஓடு ஒட்டி. சர்க்கார் ஐ.டி.ஐ.யைப் பார்த்து வந்தவனுக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றியதில் தப்பு ஒன்றும் இல்லை.

எங்கள் கூட்டத்தில் சித்தாள் வேலை செய்கிற ராகேலிடம் இதையெல்லாம் சொன்னேன். குளச்சல்காரி. வாய் சும்மா இருக்காது.

"அண்ணே, பிள்ளைய படிக்க விடப் போறியளா, குடி வைக்கப் போறியளா? தரை பாத்தேன், சுவரு பாத்தேன், கக்கூசு பாத்தேங்கிய. வாத்தியாரப் பாத்தியளா?"

"தரையில கள்ளம் செய்யாதவன் பாடத்திலயா செய்யப் போறான்?"

"செரி. பொம்பளப் பிள்ள ஸ்பானர் பிடிக்கதுல உங்களுக்குச் சங்கடம் ஒண்ணும் இல்லையே?"

"வீட்டுல அவளுக்குச் சங்கடம்."

"நான் இருவது வருசமா சட்டி பிடிக்கேன். அதப் பாத்து ஒரு நாயும் அழல. ஸ்பானருக்கு மட்டும் என்ன அழுகை? வடிவக்காகிட்ட நான் சொல்லுதேன்" என்றாள். சொல்லவும் செய்தாள். என்ன பேசினாளோ, அதற்குப் பிறகு வடிவம்மாள் நர்ஸ் பேச்சை விட்டுவிட்டாள்.

ஜூலையில் ஐ.டி.ஐ.யிலிருந்து இன்டர்வியூ கார்டு வந்தது. வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணி. அசல் சர்டிபிகேட்டுகளோடு வர வேண்டும். ரேங்க் பதினொன்று. அஜிதா கார்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எங்கள் ஒற்றை அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள்.

"பதினொண்ணுன்னா உறப்பா கிடைக்கும்ப்பா!"

"வியாழக்கிழமை பணிக்கர் சார பாக்கப் போறோம்" என்றேன். மேஸ்திரியிடம் அந்த ஒரு நாளைத்தான் லீவு கேட்டு வாங்கியிருந்தேன். வைசாகத்தில் அட்மிஷன் நடக்கிறது என்று அவர்கள் ஆபீசுக்குப் போன் போட்டும் கேட்டிருந்தேன்.

அவள் நின்றுவிட்டாள். "பின்னே இது?"

"அது கெடக்கட்டு. அந்த இடத்த நான் பாத்தவன்லா? பொம்பளப் பிள்ள கால் வைக்கக்கூடிய இடமா அது?"

"நான் அங்க டான்ஸ் படிக்கவா போறேன்?"

"எதிர்த்துப் பேசாத ஏட்டி."

அழுதாள். வடிவம்மாள் இரண்டு பக்கமும் சேராமல் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் நான் இறங்கி வந்து ஒரு வழி சொன்னேன். ஒன்பது மணிக்குப் பணிக்கர் சாரைப் பார்ப்போம். அது பிடிக்கவில்லை என்றால் நேரே ஐ.டி.ஐ.க்குப் போவோம்.

"ஒன்பதரைன்னு போட்டிருக்கே?"

"சர்க்கார் காரியம். ஒன்பதரைன்னு போட்டா பதினொண்ணுக்கு ஃபேன் போடுவாவ, பன்னெண்டுக்குப் பேர் கூப்பிடுவாவ. நான் எத்தன ஆபீஸ் வாசல்ல நின்னிருக்கேன்!"

அது உண்மைதான். ரேஷன் கார்டுக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் நான் நின்ற நிற்பு அப்படி. அந்த ஒரு நாளும் அப்படியே இருக்கும் என்று நினைத்ததுதான் என் பிழை.

வியாழக்கிழமை எட்டே முக்காலுக்கே வைசாகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். வெளிச்சுவர் இன்னும் வெள்ளையாகவே இருந்தது. எனக்கு நடை கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது. ஆபீசில் பாகீரதி என்று ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். கரமனை அக்ரஹாரத்துக்காரர். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுகிற பழக்கம்.

"வாங்கோ. உக்காருங்கோ. பொண்ணுக்கா? பேஷ். இந்த டிரேடுக்குப் பொம்மனாட்டிக் கொழந்தை வரது இதான் மொதல் தடவை. எஸ்.எஸ்.எல்.சி. புக்கைக் கொடுங்கோ, எண்ட்ரி போட்டுடறேன்."

அஜிதா பையைத் திறக்கத் தயங்கினாள். நான் வாங்கிக் கொடுத்தேன். அந்த அம்மாள் ரிஜிஸ்தரில் பெயரை எழுதி, புத்தகத்தை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"ஒரிஜினல், கோர்ஸ் முடியற வரைக்கும் இங்கேதான் இருக்கும். ரூல் அது. சார் இப்போ வந்துடுவார்."

அந்த 'இப்போ' பத்து மணி ஆயிற்று. சுவரில் ஒரு கடிகாரம். அஜிதா அதைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள். நான் ஜன்னல் வழியாகச் சுற்றுச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பணிக்கர் சார் கொஞ்சம் மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் செருப்பைக் கழற்றக்கூட மறந்து உள்ளே வந்தார்.

"எடோ, கோமதிநாயகம் அல்லே? அடைப் பாயசம் நாலு தடவை வாங்கின கோமதி!"

"மூணு தடவை சார்."

"நாலு. நான் எண்ணினேன்." என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். "இது மோளா? மெக்கானிக்கா? கொள்ளாம்! வா மோளே, உன் அச்சன் போட்ட தரையக் காட்டுறேன்."

பட்டறைக் கதவை அவரே திறந்தார். பூட்டு கொஞ்சம் சிரமப்பட்டது. உள்ளே போனதும் நான் குனிந்து தரையைத் தடவிப் பார்த்தேன். நாங்கள் கரணையால் இழுத்து இழுத்து வழவழப்பாக்கிவிட்டுப் போன தரை அன்றைக்குப் போலவே கிடந்தது. ஒரு வெடிப்பு இல்லை. ஒரு பள்ளம் இல்லை. கதவு வழியாக வந்த வெளிச்சம் அதில் தண்ணீரில் விழுந்த மாதிரி விழுந்தது.

"இங்க பாரு" என்று அஜிதாவை மூலைக்குக் கூட்டிப் போனேன். "ஈரம் காயிறதுக்கு முந்தி ஒரு நாய் ஓடிட்டு. அதுக்குப் பொறவு அந்தப் பக்கம் பூசக் கை எட்டல. தடம் அப்படியே கெடக்கு பாத்தியா?" நாலு கால் தடம், பூப்பூவாக. ராகேல் அன்றைக்கு அந்த நாயைக் கல்லெடுத்துத் துரத்திய கதையையும் சொன்னேன்.

அஜிதா தடத்தைப் பார்த்துவிட்டு என்ஜின் பக்கம் போனாள். இரும்புச் சட்டத்தின்மேல் ஒரு கார் என்ஜின், முழுக்க வெள்ளிப் பெயிண்ட் அடித்தது. அவள் குனிந்து அதைச் சுற்றி வந்தாள். ஒரு விரலால் தடவினாள். பிறகு என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா, போல்ட்டு மேல பெயிண்ட் பொட்டவே இல்ல."

"அதுக்கென்ன?"

"ஸ்பானர் போட்டா பெயிண்ட் பொட்டி உதிரும்லா? இத ஒருத்தரும் கழத்தினதே இல்ல."

"புதுசா பெயிண்ட் அடிச்சிருப்பாவ. சும்மா இரு" என்று அதட்டினேன்.

அதட்டிவிட்டேனே தவிர, கண் தன் பாட்டுக்குத் தரைக்குப் போயிற்று. இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு சொட்டு எண்ணெய்க் கறை இல்லை. ஸ்பானர் விழுந்த வடு இல்லை. ஜாக்கி ஊன்றிய தடம் இல்லை. டயர் ஏறிய கோடு இல்லை. லாரி ஏறுவதற்கென்று ஆறு அங்குலம் போட்ட தரையில் இருந்த ஒரே தடம் அந்த நாயினுடையது. வண்டியை மேலே நிறுத்தி அடியில் நின்று வேலை செய்வதற்கென்று நடுவில் நாங்கள் கட்டிய குழியை எட்டிப் பார்த்தேன். அதற்குள் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

நல்ல தரை போட்டோம் என்று கொஞ்சம் முன்னால் நெஞ்சு நிமிர்ந்ததே, அந்தத் தரைதான் இப்போது எனக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தது. என் தரையை எனக்குத் தெரியாதா?

"சார்" என்றேன். "இந்தக் குழி மேல கடைசியா எந்த வண்டி நின்னுது?"

பணிக்கர் சார் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. என்ஜின் சட்டத்தில் கை வைத்துக்கொண்டார்.

"ஒரு வண்டியும் நின்னில்ல கோமதி."

நான் குழியில் அடுக்கியிருந்த நாற்காலிகளைப் பார்த்தேன்.

"அங்கீகாரம் இன்னும் வரல. ஃபைல் நடக்குது, நடக்குது, நடந்துகிட்டே இருக்கு. வாத்தியார் ஒருத்தர் வந்தார், ஆறு மாசத்தில துபாய்க்குப் போயிட்டார். போன வருஷம் ஏழு பிள்ளைங்க. போர்டில படம் வரைஞ்சு படிப்பிச்சோம். நான் பொய் சொல்லிச் சேர்த்தில்ல. ஆனா கேட்காதவங்ககிட்ட நானாச் சொன்னதும் இல்ல. கட்டடம் நல்லா இருந்தா மத்ததெல்லாம் வரும்னு நினைச்சேன்."

அவர்மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் நினைத்ததைத்தானே நானும் நினைத்தேன்?

அஜிதா பையிலிருந்து இன்டர்வியூ கார்டை எடுத்து அவரிடம் நீட்டினாள். "சார், எனக்கு என் எஸ்.எஸ்.எல்.சி. புக் வேணும்."

அவர் கார்டை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார். உடனே குரல் மாறிவிட்டது.

"இது இன்னைக்கல்லே? ஒன்பதரை! எடோ மண்டா, இதப் பையில வச்சுகிட்டா நீ எங்கிட்ட நாயோட கதை சொல்லிகிட்டு நிக்கிற?"

வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆபீசுக்கு ஓடினார். நாங்கள் பின்னால் ஓடினோம்.

"பாகீரதியம்மே, அந்தக் குட்டியோட புக்கை எடுங்க. சட்டுனு."

"எண்ட்ரி போட்டாச்சே சார்."

"அடிச்சுருங்க."

பாகீரதியம்மாள் சாவியை எடுத்துக்கொண்டே என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்துச் சொன்னார். "இந்த வருஷம் மொத்தமே மூணு பேர். அதுல ஒண்ணை அடிக்கச் சொல்றேள். அடிச்சுடறேன்." புத்தகத்தை அஜிதா கையில் கொடுத்தபோது, "ஓடு கொழந்தே, நன்னா படி" என்றார்.

வாசலில் போன ஆட்டோவைப் பணிக்கர் சாரே கை தட்டி நிறுத்தினார். நான் ஏறும்போது என் முதுகில் ஒன்று வைத்தார். அடியா, வழியனுப்பா என்று தெரியவில்லை. அப்போது மணி பத்தேகால் தாண்டியிருந்தது.

கிள்ளிப்பாலம் வரைக்கும் ஆட்டோ பறந்தது. தம்பானூரில் ஒரு ஜாதா. கொடியும் கோஷமுமாக செக்ரட்டேரியட்டைப் பார்த்துப் போய்க்கொண்டே இருந்தார்கள். டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு ஹாண்டிலில் சாய்ந்துகொண்டார்.

"இது தீர்ந்தா சொல்லுங்க சேட்டா, நான் ஒரு உறக்கம் போடுறேன்."

"வேற வழி இல்லியா தம்பி?"

"உண்டு. ஹெலிகாப்டர்."

அஜிதா சிரிக்கவில்லை. புத்தகத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடியிருந்தாள். நான் ஏதாவது பேச வேண்டும் என்று நினைத்தேன். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்திலெல்லாம் இத்தனை வருஷம் விரலை உருட்டிவிட்டு, நாற்பது வயசுக்குப் பக்கத்தில் எழுத்துப் படித்தவன் நான். படிப்பில் பிந்திப்போவது என்றால் என்ன என்று எனக்குத்தான் தெரியும். அப்படிப்பட்ட நான் அவளைப் பிந்த வைத்துவிட்டேன்.

ஐ.டி.ஐ.க்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்று பத்து. ஹாலில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பாதி நாற்காலிகள் காலி. மேஜையில் ஒரு கிளார்க்கும், பக்கத்தில் காக்கிக் கோட்டு போட்ட இன்ஸ்ட்ரக்டர் ஒருவரும் இருந்தார்கள்.

"பதினொண்ணா?" கிளார்க் பேனாவால் பட்டியலில் தேடினார். "ஒன்பது அம்பதுக்குக் கூப்பிட்டாச்சு. மூணு தடவை. ஆப்சென்ட்."

"ஒன்பது அம்பதுக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

"பின்னே? ஒன்பதரைன்னு போட்டா ஒன்பதரைக்குத் தொடங்க வேண்டாமா?"

அஜிதா என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

"சார், இன்னும் சீட் உண்டா?" என்று மலையாளத்தில் கேட்டாள்.

"மோட்டார் வெஹிக்கிள் ஃபுல். முப்பத்தி நாலாவது ரேங்கில முடிஞ்சு போச்சு."

"வெயிட்டிங் லிஸ்ட்?"

"போடலாம். யாராவது வேண்டாம்னு போனா கூப்பிடுவோம். போகலேன்னா இல்ல. டீசல் மெக்கானிக்கில ஒண்ணு பாக்கி. ஒரு வருஷம். அதில சேர்ந்தா அந்த வெயிட்டிங் லிஸ்டில இருக்க முடியாது. எது வேணும்னு இப்போ சொல்லணும். பின்னாலே ஆள் நிக்குது."

உண்மையிலேயே பின்னால் ஒரு பையன் அவன் மாமாவோடு நின்றுகொண்டிருந்தான். அந்த மாமா எட்டி எட்டிப் பார்த்தார்.

அஜிதா அப்போதுதான் என்னைப் பார்த்தாள். கோபத்தோடு இல்லை. சின்ன வயதில் ரோட்டைக் கடப்பதற்கு முன்னால் பார்ப்பாளே, அந்த மாதிரி.

"அப்பா, என்ன சொல்லுதிய?"

கார் வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. டீசலில் வருகிற லாரி, பஸ், ஜெனரேட்டர் பற்றி அவள் என்றைக்கும் பேசியதில்லை. வெயிட்டிங் லிஸ்ட் என்று சொல்லி அது வராமல் போனால் ஒரு வருஷம் போய்விடும். டீசல் என்று சொல்லி நாளைக்கே யாராவது மோட்டாரை விட்டுப் போனால் காலமெல்லாம் என்னைக் குறை சொல்வாள். எனக்கு ஒரு அபிப்பிராயமும் இருந்தது. அதைத் தொண்டையோடு நிறுத்திக்கொண்டேன்.

"காலையில இருந்து நான் சொன்னது போதும். நீ கேக்க வேண்டியத அவாகிட்ட கேளு. நீ சொல்லுதது எதுவானாலும் நான் பாரத்துல ஒப்புப் போடுதேன்."

அவள் இன்ஸ்ட்ரக்டர் பக்கம் திரும்பினாள். "சார், டீசல்ல என்ஜின் கழத்தித் தருவீங்களா? இல்ல போர்டில படமா?"

இன்ஸ்ட்ரக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "படமா? முதல் வாரத்திலயே ஒரு ஆறு சிலிண்டர மேஜை மேல பரத்தணும். திரும்பச் சேர்க்கும்போது ஒரு நட்டு மிச்சம் வந்தா மொத்தமும் மறுபடி கழத்தி அழிக்கணும். போன வருஷம் ஒருத்தன் மூணு தடவை அழிச்சான், கரைஞ்சுகிட்டே."

"அழுதானா?"

"ஆமா. நல்ல பையன். இப்போ பஸ் டிப்போவில டிரெயினியா இருக்கான்." பிறகு அவர் முகத்தில் விளையாட்டுப் போய்விட்டது. "மோளே, இங்க இப்போ பெண் குட்டிகள் இல்ல. அவனுங்க முதல்ல கேலி பண்ணுவானுங்க. நான் பார்த்துக்கிறேன், ஆனா எல்லா நேரமும் நான் பக்கத்தில நிக்க முடியாது."

"நிக்க வேண்டாம் சார்" என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "டீசல் போடுங்க."

பின்னால் நின்ற மாமா 'ச்சே' என்றது எங்களுக்குக் கேட்டது.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் பெண்கள் சீட்டில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். கிழக்கேகோட்டையில் கூட்டம் இறங்கி அவள் பக்கத்து இடம் காலியானதும் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். போய் உட்கார்ந்தேன். கிள்ளிப்பாலம் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

"அம்மாகிட்ட லேட்டாச்சுன்னு சொல்லண்டாம்" என்றாள். "டீசல் நானாக் கேட்டதுன்னு சொல்லிக்கிடுதேன். இல்லேன்னா உங்கள நிம்மதியா இருக்க விடமாட்டா."

"நீ மோட்டார்தானே கேட்டே?"

"கேட்டேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணைத் துடைப்பது தெரிந்தது. "சங்கடம் இல்லேன்னு சொல்லல. அம்மாகிட்ட சொல்லண்டாம்னுதான் சொன்னேன்."

அந்த உபகாரத்தை நான் வாங்கிக்கொள்ளவில்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வடிவம்மாளிடம் சொல்லிவிட்டேன். பணிக்கர் சாரிடம் முதலில் போனது, புத்தகத்தைப் பூட்ட விட்டது, மூன்று தடவை பெயர் கூப்பிட்டபோது நாங்கள் அங்கே இல்லாதது, பதினொன்றாம் ரேங்க் போனது எல்லாம். அவள் ஒரு வார்த்தையும் திட்டவில்லை. அதுதான் பெரிய தண்டனை. எதைச் சொல்வதானாலும் மகளைக் கூப்பிட்டு, "உங்கப்பாகிட்ட சொல்லு" என்பாள். நான் அடுத்த அடியில் உட்கார்ந்திருப்பேன். அஜிதா எங்கள் நடுவில் தபால்காரி மாதிரி பத்து நாளைக்கு மேல் இருந்தாள்.

ஆகஸ்டில் வகுப்பு தொடங்கியது. அந்த வெயிட்டிங் லிஸ்டிலிருந்து யாரையாவது கூப்பிட்டார்களா என்று நான் விசாரிக்கவில்லை. அவள் விசாரித்திருப்பாள். விசாரித்தாளா என்று நானும் கேட்கவில்லை.

முதல் வாரம் வெள்ளிக்கிழமை நான் வேலை விட்டு வந்தபோது, வடிவம்மாள் லைன் வீட்டுப் பொதுக் குழாயடியில் துவைகல்லின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அஜிதாவின் புதிய நீலச் சட்டை கல்லில் கிடந்தது. வலது கை முழங்கை வரைக்கும், வயிற்றுப் பக்கம் முழுக்க, கறுப்பாக கிரீஸ். சோப்பு கரைந்ததே தவிர கறை அசையவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அஜிதா படியில் உட்கார்ந்து, நகத்துக்குள் இருந்ததைத் தீக்குச்சியால் தோண்டியபடி, ஒரு பையனுக்கு ஒரு நட்டு மிச்சம் வந்த கதையை அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு மிச்சம் வரவில்லையாம்.

வடிவம்மாள் என்னைக் கண்டாள். சட்டையைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"நல்லாப் பாருங்க உங்க மக சட்டைய! மாடு சேத்துல உருண்ட மாதிரி. நாளைக்கும் இதத்தான் போட்டுப் போகணுமாம். வேற ஒண்ணு தைக்கணும்னு வீட்டு ஆம்பளைக்குத் தோணிச்சா? என்ன மொறைச்சுக்கிட்டு நிக்கிய? மண்ணெண்ண தேச்சாப் போகும்னு இவ சொல்லுதா. வீட்டுல ஒரு சொட்டு இல்ல. கடை அடைக்கதுக்கு முந்தி போங்க!"

என்னிடம் பேசாமல் பத்து நாளைக்கு மேல் சேர்த்து வைத்தது அத்தனையும் வந்துவிட்டது. அவள் இன்னும் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் சிமெண்ட் காலைக்கூடக் கழுவாமல் குப்பியை எடுத்துக்கொண்டு கடைக்கு நடந்தேன்.